தீட்டுவதா, தூக்கி எறிவதா?

அக்கா மகன் போன மாதம் வாட்ஸ்அப்பில் மூன்று படங்களை அனுப்பி, "மாமா, இதுல எதை வாங்கலாம்?" என்று கேட்டான். மூன்றும் நூறு வருடப் பழைய அமெரிக்க ரேசர்கள். முதலாவது கில்லெட் நிறுவனத்தின் முதல் மாடல். சேகரிப்பவர்கள் 'ஓல்ட் டைப்' என்பார்கள். இரண்டாவது ஜெம் 1912. மூன்றாவது வேலட் ஆட்டோஸ்ட்ராப். கார்ட்ரிட்ஜ் விற்கிற விலையைப் பார்த்து வெறுத்துப்போய், கொள்ளுத் தாத்தா காலத்து ரேசருக்கே போய்விடலாம் என்று முடிவு கட்டியிருக்கிறான். அதே வெறுப்பில் சில வருடங்களுக்கு முன் வாங்க ஆரம்பித்து, நிறுத்தத் தெரியாமல் ஒரு அலமாரித் தட்டையே நிரப்பி வைத்திருப்பவன் நான். அதனால்தான் என்னிடம் கேட்டான்.

"முதலாவதை வாங்கு" என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கலாம். மனம் வரவில்லை. ஜெம் பக்கமும் நியாயம் இருக்கிறது, ஆட்டோஸ்ட்ராப் பக்கமும் இருக்கிறது. மூன்றையும் வடிவமைத்தவர்கள் ஒரே தொல்லையைத்தான் தீர்க்கப் பார்த்தார்கள்: பிளேடு மழுங்கினால் என்ன செய்வது? ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ரேசரின் தலை எப்படித் திறக்கிறது, பிளேடு எத்தனை தடிமன், பெட்டி என்ன விலை என்பதெல்லாம் அந்தப் பதிலிலிருந்து கிளைத்தவைதான்.

சவரக்கத்தியால் நமக்கு நாமே மழித்துக்கொள்வதில் இரண்டு சிரமங்கள். ஒன்று, கை கொஞ்சம் பிசகினால் கழுத்து. இன்னொன்று, ஒவ்வொரு தடவையும் தோல்வாரில் தீட்ட வேண்டும், அவ்வப்போது சாணைக்கல்லும் காட்ட வேண்டும். முதல் சிரமத்துக்கு வைத்தியம் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது. 18-ம் நூற்றாண்டில் பிரான்சில் கத்தி செய்துகொண்டிருந்த ழான் ழாக் பெரே, தச்சரின் இழைப்புளியைப் பார்த்து, விளிம்பு மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும்படி கத்திக்கு மரக்காப்பு போட்டார். 1847-ல் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்சன், பிளேடைக் கைப்பிடிக்குக் குறுக்கே திருப்பிக் களைக்கொத்து மாதிரி ஆக்கினார். இன்று குளியலறையில் கிடக்கும் ரேசரின் உருவம் அங்கே தொடங்குகிறது.

கழற்றி மாட்டும் பிளேடோடு சந்தையைப் பிடித்தவர்கள் நியூயார்க்கைச் சேர்ந்த காம்ஃபே சகோதரர்கள். 1880-ல் காப்புரிமை வாங்கினார்கள். 'சேஃப்டி ரேசர்' என்ற சொல் அந்த ஆவணத்திலேயே இருக்கிறது. 'ஸ்டார்' என்று பெயரிட்டு விற்றார்கள். தலைப்பகுதி ஒரு சின்னத் தகரப் பெட்டி. மேலே பிளேடு செருகி இருக்கும், வழித்த நுரையும் முடியும் பெட்டிக்குள் விழும். அமெரிக்க மருத்துவரும் எழுத்தாளருமான ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் 1886-ல் ஐரோப்பாவுக்குக் கப்பலில் போனபோது இதைத்தான் வைத்திருந்தார். கண்ணாடியே வேண்டாம், துணிந்து இழுக்கலாம், வெட்டாது என்று மெச்சி எழுதினார். ஆடும் கப்பலில் அப்படிச் சவரம் செய்ய முடிந்தது பெரிய விஷயம்தான்.

ஆனால் ஸ்டாரின் பிளேடு, சவரக்கத்தியிலிருந்து ஒரு துண்டை நறுக்கி எடுத்தது போன்றது. அடித்துச் செய்த எஃகு, தடித்த முதுகு, ஆப்பு வடிவம். மழுங்கினால் கழற்றி, தனியாக ஒரு பிடியில் மாட்டித் தோல்வாரில் தீட்ட வேண்டும். கழற்ற முடிந்ததே தீட்டுவதற்காகத்தான். தூக்கிப் போட அல்ல. கழுத்து தப்பித்தது, தோல்வார் வீட்டிலேயே இருந்தது.

இங்கேதான் கிங் கேம்ப் கில்லெட் வருகிறார். ஊர் ஊராகச் சுற்றும் விற்பனையாளர். சோடா பாட்டில் நெளிமூடி விற்கும் நிறுவனத்தில் வேலை. அந்த மூடியைக் கண்டுபிடித்த வில்லியம் பெயின்டர், ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கி எறிந்துவிட்டு மறுபடி வாங்கும்படியான பொருள் எதையாவது யோசிக்கச் சொல்லியிருந்தார். கில்லெட் அதைப் பிடித்துக்கொண்டு பல நாள் அலைந்தார். 1895-ல் ஒரு நாள் காலை, மாசசூசெட்ஸில் ப்ரூக்லைன் வீட்டில் சவரத்துக்கு நிற்கிறார். கையில் இருப்பது தோல்வாரில் தீட்டினாலும் தேறாத கத்தி, சாணைக்குத்தான் போக வேண்டும். அப்போது பொறி தட்டியது. முடியை வெட்டுவது விளிம்பு மட்டும். பின்னாலிருக்கும் எஃகு முழுக்க விளிம்பைத் தாங்கத்தான் இருக்கிறது. தாங்குகிற வேலையை ரேசருக்குக் கொடுத்துவிட்டு, விளிம்பை மட்டும் மெல்லிய தகடாக வெட்டினால்? பட்டை எஃகு பவுண்டு 16 சென்ட், ஒரு பவுண்டில் 500 பிளேடு என்று மனக்கணக்கும் போட்டுவிட்டார்.

கணக்கு காகிதத்தில் சரிதான். மெல்லிய தகடோ பதப்படுத்தும்போது கோணிக்கொண்டது. கோணாத தகடில் கூர் நிற்கவில்லை. எஃகு தெரிந்தவர்கள் எல்லாம் நடக்காது என்றார்கள். தனக்குத் தொழில்நுட்பப் படிப்பு இருந்திருந்தால் அப்போதே கைவிட்டிருப்பேன் என்று பிற்பாடு அவரே எழுதினார். ஆறு வருடம் கழித்து, 1901-ல், எம்ஐடியில் படித்த வில்லியம் நிக்கர்சன் வந்து சேர்ந்தார். தகடைப் பதப்படுத்தும் முறையையும் கூர் போடும் இயந்திரத்தையும் உருவாக்கியது அவர்தான். நிறுவனத்துக்கு அவர் பெயரை வைக்கலாம் என்றும் ஒரு பேச்சு இருந்ததாகச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் 'நிக்' என்றால் சின்ன வெட்டுக்காயம். ரேசருக்கு அந்தப் பெயரா! கில்லெட் பெயரே நிலைத்தது.

1903-ல் விற்பனை தொடங்கிய வருடம் போனது 51 ரேசர், 168 பிளேடு. அடுத்த வருடம் ரேசர் 90,000-ஐத் தாண்டியது. 1904 நவம்பர் 15-ல் காப்புரிமை கிடைத்தது. அதில் அவர் உரிமை கோரிய விஷயங்களில் எனக்குப் பிடித்தது, வெளியிலிருந்து தாங்கிப் பிடித்தால் மட்டுமே விறைப்பாக நிற்கும் அளவுக்கு மெல்லிய, வளையக்கூடிய, கழற்றத்தக்க பிளேடு என்பதுதான். ஒரு குறையையே உரிமையாகக் கேட்டு வாங்கிய மனிதர்.

அந்தத் தாங்கிப் பிடிக்கும் வேலையை ரேசர் எப்படிச் செய்கிறது என்பதில்தான் அழகு இருக்கிறது. பிளேடு சுமார் 0.15 மில்லிமீட்டர். விரலாலேயே வளைக்கலாம். மேலே லேசாக வளைந்த ஒரு மூடி. அதன் உட்பக்கத்தில் நடுவே மரை போட்ட தண்டு, இருபுறமும் இரண்டு முளைகள். பிளேடில் அதற்கேற்ப மூன்று ஓட்டைகள். கீழே சீப்புப் பல் வைத்த தகடு. மூன்றையும் அடுக்கிக் கைப்பிடியைத் திருகினால், பிளேடு மூடியின் வளைவுக்கு வளைந்து இறுகுகிறது. ஒரு காகிதத்தை நுனியில் பிடித்து நீட்டினால் தொங்கிவிடும். அதையே கொஞ்சம் குழிவாக வளைத்து நீட்டுங்கள், விறைத்து நிற்கும். பிளேடுக்கும் அதே தந்திரம். ஸ்டார் பிளேடுக்குப் பலம் அதன் முதுகில். கில்லெட் பிளேடுக்குப் பலம் அதன் வளைவில்.

கூடவே ஒரு இலவச வசதி. கைப்பிடியைக் கால் திருகு தளர்த்தினால் பிளேடின் வளைவு குறைந்து, விளிம்பு கூடுதலாக வெளியே வரும். முரட்டுத் தாடிக்கு அப்படி வைத்துக்கொள்ளலாம். இறுக்கினால் சாதுவாகிவிடும். இன்று 'அட்ஜஸ்டபிள்' என்று தனி விலை போட்டு விற்கும் சமாச்சாரம் முதல் ரேசரிலேயே இருந்தது.

ஜெம் வேறு வழியில் போனது. பிளேடை முழுக்கத் தகடாக்காமல், பின்பக்கம் ஒரு மடிப்பு முதுகு கொடுத்தார்கள். கூர் ஒரு பக்கம் மட்டும். தடிமன் சுமார் 0.23 மில்லிமீட்டர். தானாகவே விறைப்பாக நிற்பதால் வளைக்கத் தேவையில்லை. 1912 மாடலில் தலை கதவு போலத் திறக்கும். பிளேடை உள்ளே வைத்து மூடினால் 'டக்' என்று உட்கார்ந்துகொள்ளும். திருகு இல்லை, கழன்று விழும் துண்டுகள் இல்லை. ஈரக் கையோடு பிளேடு மாற்ற இதைவிடச் சுலபமான பழைய ரேசரை நான் பார்த்ததில்லை. மழிக்கும்போது சுரண்டுவது மாதிரி ஒரு சத்தம் வரும். எனக்குப் பிடிக்கும்; வீட்டில் மற்றவர்களுக்குப் பல் கூசுகிறதாம்.

ஆட்டோஸ்ட்ராப், பெயரே சொல்கிறபடி, தானே தீட்டிக்கொள்ளும் ரேசர். ஹென்றி கெய்ஸ்மன் உருவாக்கியது. தலைக்குள் ஒரு உருளை இருக்கும். பெட்டியோடு வரும் தோல்வாரை அதன் வழியே நுழைத்து, ஒரு முனையைக் கொக்கியில் மாட்டிவிட்டு ரேசரை முன்னும் பின்னும் இழுத்தால், ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடு தானாகப் புரண்டு இரு பக்கமும் தீட்டப்படும். பிளேடைக் கழற்றவே வேண்டாம். தூக்கி எறிவது ஊதாரித்தனம் என்று நினைத்த காலத்து ஆட்களுக்கு இது தெய்வவாக்கு. இயந்திர நேர்த்தி என்று மட்டும் பார்த்தால் மூன்றில் இதுதான் முதல். ரேசர்களைக் காட்டி அரட்டை அடிக்க யாராவது வந்தால் நான் முதலில் எடுப்பதும் இதைத்தான்.

சரி, காசுக் கணக்கு. 1908 வாக்கில் பாஸ்டனில் ஒரு குமாஸ்தா கடைக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். சவரக் கடையில் ஒரு சவரம் 10 சென்ட். வாரம் மூன்று முறை என்றால் 30 சென்ட். கில்லெட் பெட்டி 5 டாலர், 12 பிளேடோடு. ஒரு சராசரித் தொழிலாளியின் வாரக் கூலியில் ஏறக்குறைய பாதி அது. ஆட்டோஸ்ட்ராப்பும் அதே 5 டாலர், 12 பிளேடு, தோல்வார் சேர்த்து. ஜெம் வகையறாவின் உடன்பிறப்பான எவர் ரெடியோ, 12 பிளேடோடு வெறும் 1 டாலர்.

ஒரு பிளேடுக்கு 20 முதல் 40 சவரம் வரும் என்று கில்லெட் விளம்பரம் செய்தது. அந்தக் காலத்து கார்பன் எஃகில் அதை நம்ப நான் தயாரில்லை. ஆறு என்று வைப்போம். 12 பிளேடுக்கு 72 சவரம், அதாவது 24 வாரம். அதே 72 சவரத்துக்குக் கடையில் 7 டாலர் 20 சென்ட் போயிருக்கும். ஆக, முதல் பிளேடுகள் தீர்வதற்குள்ளேயே 5 டாலர் திரும்பி வந்துவிடுகிறது. அப்புறம் 12 பிளேடு 1 டாலர் என்றால் சவரத்துக்கு ஒன்றரை சென்ட்கூட ஆகாது. எவர் ரெடி பிளேடு ஒன்று 5 சென்ட். அது சவரத்துக்கு ஒரு சென்டுக்கும் கீழே. ஆட்டோஸ்ட்ராப்பில் தீட்டித் தீட்டி ஓட்டினால் அதற்கும் கீழே போகலாம், பொறுமை இருந்தால்.

இந்தக் கணக்கில் கில்லெட் தோற்கிறது. தயங்காமல் சொல்லலாம்: அந்தக் குமாஸ்தா நானாக இருந்தால் 1 டாலர் கொடுத்து எவர் ரெடி வாங்கிக்கொண்டு, மீதி 4 டாலரில் வீட்டுக்கு ஏதாவது வாங்கிப் போயிருப்பேன். "ரேசரைச் சும்மா கொடு, பிளேடில் சம்பாதி" என்பதைக் கில்லெட்டின் சூத்திரமாக நிர்வாகப் பாடங்களில் சொல்வார்கள். காப்புரிமை இருந்தவரை அவர் செய்தது நேர் எதிர். 1921-ல் காப்புரிமை முடியும்வரை 5 டாலர் விலையை விடாப்பிடியாக வைத்திருந்தார். யாரும் நகல் எடுக்கலாம் என்ற நிலை வந்த பிறகுதான் பழைய மாடலை 1 டாலருக்கு இறக்கினார்கள்.

பிறகு கில்லெட் எப்படி ஜெயித்தது? ஒரு காரணம் போர். 1918-ல் அமெரிக்க அரசு படைவீரர்களுக்காக 35 லட்சம் ரேசர்களும் 3.2 கோடி பிளேடுகளும் வாங்கியது. பதுங்குகுழியில் தோல்வார் மாட்ட ஆணி தேட முடியாது. மழுங்கினால் வேறு மாட்டு, அவ்வளவுதான். இருபது வயதில் கையில் வந்த ரேசரோடு அந்த இளைஞர்கள் ஊர் திரும்பினார்கள், பிளேடு வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

இன்னொரு காரணம் அந்த மூன்று ஓட்டைகள். காப்புரிமை முடிந்ததும் உலகமெங்கும் அந்த அளவிலேயே பிளேடு வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். இடையில் ஒரு கூத்தும் நடந்தது. ஆட்டோஸ்ட்ராப் கெய்ஸ்மன், கில்லெட் ரேசரிலும் பொருந்தும்படி 'ப்ரோபாக்' என்று ஒரு பிளேடு செய்தார். 1930-ல் கில்லெட் புதிய வடிவில் பிளேடு கொண்டுவந்தபோது, அது தன்னுடையது என்று வழக்குப் போட்டார். சமரசம் பேசப் போய், கணக்குப் புத்தகத்தில் கில்லெட் லாபத்தை ஊதிக் காட்டியிருந்தது வெளியே வந்தது. கடைசியில் இரண்டு நிறுவனங்களும் இணைந்தபோது அதிகாரம் கெய்ஸ்மன் கைக்குப் போனது. தீட்டுகிற கட்சிக்காரர் தூக்கி எறிகிற கட்சியின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தார். ஆனால் எறிவதை நிறுத்தவில்லை. ஓட்டைகளுக்குப் பதிலாக நடுவில் நீள வெட்டு வந்தது. பழைய ரேசரின் முளைகளுக்கும் அது பொருந்தும். அதனால்தான் 1904-ல் செய்த ரேசரில் இன்று தெருமுனைக் கடையில் வாங்கும் பிளேடு அச்சாக உட்காருகிறது.

நம் சலூன்களில் அந்தப் பிளேடுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. உறையோடு வைத்து நெடுக்கில் இரண்டாக ஒடித்து, பாதியைச் சலூன் கத்தியில் செருகுவார்கள். நடுவிலுள்ள வெட்டு அதற்கென்றே செய்தது போல வசதி. மீதிப் பாதியில் பென்சில் சீவி வளர்ந்த தலைமுறை நான். அறுவைப் பேச்சுக்காரனை "பிளேடு போடுகிறான்" என்று சொல்லும் அளவுக்கு அந்தத் தகடு நம் பேச்சுக்குள்ளும் வந்துவிட்டது. இந்தக் கட்டுரையும் அந்தப் பக்கம் சாய்வதற்குள் மருமகன் கேள்விக்கு வருகிறேன்.

இன்று வாங்குகிறவனுக்குக் கணக்கு தலைகீழ். 1908-ல் ரேசர் விலை முடிவு செய்தது. இப்போது பிளேடு கிடைப்பது முடிவு செய்கிறது. கில்லெட்டுக்கு எந்த மளிகைக் கடையிலும், ஐந்து ரூபாய்க்குள்ளேயே கிடைக்கும். ஜெம் பிளேடு இப்போதும் தயாராகிறது, ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். முதுகு மடிப்பு உள்ளதுதானா என்று பார்த்து வாங்க வேண்டும். பெயின்ட் சுரண்டும் முதுகில்லாத ஒற்றை விளிம்பு பிளேடை வாங்கிவிட்டால் சரியாக உட்காராது. அந்தத் தவறை நானே செய்திருக்கிறேன்; ஏதோ நல்ல நேரம், முகத்தில் வைக்கும்முன் கண்ணில் பட்டது. ஆட்டோஸ்ட்ராப்புக்கான பிளேடு அதைவிட அரிது. போதாததற்கு, பழைய பெட்டியோடு வரும் தோல்வார் பெரும்பாலும் காய்ந்து விரிந்திருக்கும்.

மழிப்பு என்று பார்த்தால் ஜெம்முக்கு என் கூடுதல் மதிப்பெண். விறைப்பான பிளேடு தாடையில் அதிராது, மூன்று நாள் தாடியை ஒரே இழுப்பில் எடுக்கும். ஆனால் அதன் தட்டையான தலையைக் கன்னத்தில் படிய வைத்துப் பிடிக்கும் கோணம் பழக இரண்டு வாரமாவது ஆகும். மூக்குக்குக் கீழே அந்தத் தலை பெரிது. கில்லெட் தலை சின்னது, திருப்பினால் இன்னொரு விளிம்பு தயார்.

ஆகவே அவனுக்கு எழுதினேன்: பழைய கில்லெட்டை எடு. ஜெம் வேண்டுமென்றால் என்னுடையதை ஒரு மாதம் வைத்துப் பார். ஆட்டோஸ்ட்ராப்பை அலமாரியில் வைத்து ரசிக்க வாங்கலாம், தினசரிக்கு வேண்டாம்.

வாங்கும்முன் பார்க்க வேண்டியதையும் எழுதினேன். மூடியின் நான்கு மூலைகளுக்கும் படம் கேள். கீழே விழுந்த ரேசரில் மூலை நசுங்கியிருக்கும், அங்கே பிளேடு கோணி முடியைப் பிடித்து இழுக்கும். 1930-ல் பிளேடின் மூலைகளை வெட்டி எடுத்ததே இந்தத் தொல்லைக்காகத்தான். சீப்புப் பல் ஒன்றும் வளைந்திருக்கக் கூடாது. பிளேடு மாட்டிய படம் கேட்டு, இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளியே தெரிகிறதா என்று பார். முக்கியமாகக் கைப்பிடி: அந்த மாடலில் அது உள்ளே வெற்றான மெல்லிய குழாய், மரை இருக்கும் இடத்தில் நெடுக்கில் விரிசல் விழும். எனக்கு இணையத்தில் ஒருவர் "அருமையான நிலை" என்று விற்றதில் தலைமுடி அளவு விரிசல் இருந்தது. நான்காவது சவரத்தில் மரை பிடி விட்டுத் தலை கையோடு வந்துவிட்டது. வெள்ளி முலாம் போயிருந்தால் கவலையில்லை, அடியில் பித்தளைதான், துருப்பிடிக்காது.

அழுத்தாதே, ரேசரின் கனமே போதும், 30 டிகிரி சாய்வு என்றும் சேர்த்து எழுதினேன். "சரி மாமா" என்று பதில் வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை முதல் சவரம் முடித்துப் படம் அனுப்பினான். கன்னம் பளபளவென்று இருந்தது. தாடைக்குக் கீழே இரண்டு இடத்தில் செய்தித்தாள் கிழிசல் ஒட்டியிருந்தது. அழுத்தியிருக்கிறான். நாட்டு மருந்துக் கடையில் ஒரு துண்டு படிகாரம் வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.